ஐஸ் கம்பெனியில் ஒரு நேர்காணல்

போன் அடித்தபோது என் இரண்டு கைகளிலும் நண்டு.

உயிர் நண்டு. கட்டுமாவடிக் கரையில் காலை ஏலம் சூடுபிடித்திருந்த நேரம். என் நாத்தனார் ஸ்டெல்லா, "மதினி, இதக் கொஞ்சம் புடிங்க. அங்கிட்டு எறா வந்து எறங்கிருச்சு, பாத்துட்டு ஓடியாந்துர்றேன்" என்று, கயிற்றில் கோத்துக் கட்டிய நண்டுகளைக் கைக்கொரு கொத்தாகத் திணித்துவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். நான் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நீட்ட முடியுமோ அவ்வளவு தள்ளி நீட்டிக்கொண்டு, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றிருந்தேன்.

தோள்பைக்குள் போன் விடாமல் அடித்தது.

பக்கத்தில் நின்ற என் கணவர் அருள் பையைத் திறந்தார். பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. போனை என் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ராகவன் சார்" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

ராகவன் சார் எங்கள் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஓய்வு பெறப் போகிறவர். அவருடைய நாற்காலியில் அடுத்து உட்காரப் போவது யார் என்பதை இயக்குநர் குழு முடிவு செய்ய வேண்டியிருந்தது. கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் வெளிநாட்டில் பெரிய பதவிகளில் இருந்தவர். அவரோடு பேசி முடித்துவிட்டார்கள். இன்னொருவர் நான். எனக்கான நேர்காணல் அடுத்த வாரம், சென்னையில் என்று சொல்லியிருந்தார்கள்.

"ராணி, எங்க இருக்கீங்க?"

"ஊர்ல சார். கட்டுமாவடியில."

"சேர்மன் திடீர்னு நாளைக்கே வெளிநாடு கிளம்புறார். அதனால உங்க மீட்டிங்க இன்னைக்கே முடிச்சிடலாம்னு சொல்றாங்க. அரை மணி நேரத்துல வீடியோவுல வந்துடுங்க... என்ன சத்தம் அங்க? யாராவது சண்டை போடுறாங்களா?"

"இல்ல சார். மீன் ஏலம்."



"அமைதியா ஒரு இடம் பாத்து உட்காருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அமைதியான இடம். கட்டுமாவடியில். ஏல நேரத்தில். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் குலுங்கக் குலுங்க நண்டுகளும் சேர்ந்து குலுங்கின. அருள் மட்டும் சிரிக்கவில்லை. "மொதல்ல அதக் கீழ போடு ராணி" என்றார்.

அப்பா ஏ.சி.யில் உட்கார்ந்த கதை

நண்டைக் கீழே போடுவதற்குள் ஒரு சின்னச் சுற்று சுற்றி வந்துவிடுகிறேன். இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் புரட்டுகிறவர்கள், இந்தப் பெண்மணி எப்படிக் கம்ப்யூட்டர் பக்கம் வந்தாள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில்தான் அவ்வளவு நியாயமாக இருக்காது.

நான் கடற்கரைக்காரி இல்லை. திருமயத்துக்குப் பக்கத்தில் நிலக்கடலை போடுகிற குடும்பம். அப்பா ஒருநாள் உரம் வாங்கத் திருமயம் போயிருந்தார். சித்திரை வெயில். ஊருக்கு வரும் பஸ் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் புதிதாகக் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் படிக்கட்டு வழியாக ஜில்லென்று ஒரு காற்று இறங்கி வந்திருக்கிறது. அப்பா அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறிவிட்டார்.

உள்ளே இருந்தவர் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, எந்தெந்த வகுப்பு என்னென்ன என்று ஆரம்பித்தார். அப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஏ.சி. புரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கீழே பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, போயும்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னிடம், "நாளையிலேருந்து ஸ்கூல் லீவுதானே, கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போ" என்றார்.

அம்மா, "என்ன திடீர்னு?" என்று கேட்டார்.

"அம்புட்டு நேரம் அவரு ரூம்புல ஒக்காந்துட்டு, வேண்டாம்னு சொல்லி எந்திரிச்சு வர ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றார் அப்பா.

நான் சொல்வது சத்தியம். இன்று பல நூறு பொறியாளர்கள் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவியாக நான் ஆனதற்கு மூல காரணம், எங்கள் அப்பாவின் கூச்சம்.

மறுநாள் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். அதை விலக்கிவிட்டு, சொல்லிக்கொடுத்தபடி நான்கைந்து வரி தட்டினேன். ஒரு பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்க என் பெயர் ஓட ஆரம்பித்தது. செல்வராணி, செல்வராணி, செல்வராணி என்று மேலிருந்து கீழே, நிற்கவே இல்லை. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்த மனமும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அந்தக் குளிரில் சிரித்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும், எழுதிய நிரல் ஒழுங்காக ஓடும் ஒவ்வொரு முறையும், அதே இடத்திலிருந்து வருகிறது.

கேட்காத குடும்பம்

எங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வராது. அதைவிடப் பெரிய சங்கடம், வேண்டும் என்று சொல்லவும் வராது.

விருந்துக்குப் போனால் அப்பாவின் இலையில் ரசம் காலியாகி வெகு நேரம் ஆகியிருக்கும். பரிமாறுகிறவர் பார்த்து ஊற்றினால் உண்டு. அம்மா பஸ்ஸில் ஜன்னலை மூடச் சொல்லிக் கேட்கமாட்டார்; மழையில் நனைந்துகொண்டே புதுக்கோட்டை வரை போவார். நான் அந்தப் பிள்ளை.

திருச்சியில் பொறியியல் கல்லூரி, சென்னையில் முதல் வேலை, பிறகு ராகவன் சாரின் சின்ன நிறுவனம். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுவதுதான் எங்கள் தொழில். சீட்டுப் போடுவதிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு வரை ஒரே திரையில். நான் சேர்ந்தபோது ஒரு வாடகை வீட்டின் சமையலறையில்தான் எங்கள் சர்வர் இருந்தது. பக்கத்து அடுப்பில் பால் பொங்கினால் எல்லோரும் ஓடுவோம், பாலுக்காக அல்ல.

வேலை எனக்கு வெல்லம். பிரச்சினை என்று ஒன்று வந்தால் அதைக் குடைந்து குடைந்து அடி வரைக்கும் போகிறவரை எனக்குச் சோறு இறங்காது. பதவிகள் தாமாக வந்தன. யாராவது "ராணி, இத நீங்க பாத்துக்குங்க" என்பார்கள், பார்த்துக்கொள்வேன்.

கல்யாணம்கூட அப்படித்தான். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த அருளைப் பிடித்திருந்தது. சொல்லவில்லை. கட்டுமாவடிக்காரரான அவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. ஒருநாள் கேன்டீனில், "எனக்கு உன்னப் புடிச்சிருக்கு, ஒனக்கு?" என்று, சாம்பார் வாளி வைத்திருந்தவர் நின்று கேட்கும்படி கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அப்பா மாதிரியே. இரண்டு மதம், இரண்டு வீடு, நிறையக் கோபதாபம் எல்லாவற்றையும் அவர்தான் பேசிப் பேசிச் சரிசெய்தார்.

பிறகு ஒரு வருடம், நிறுவனத்தில் இரண்டாவது பெரிய நாற்காலி காலியானது. எனக்குத்தான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பிக்கொண்டு, அமைதியாக, பரிமாறுகிறவர் பார்ப்பார் என்று காத்திருந்தேன். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நல்ல மனிதர்தான். பல மாதம் கழித்து ராகவன் சாரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார்.

"உங்களுக்கு வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே, ராணி. உங்களுக்கு டெக்னாலஜி மட்டும் போதும்னு நெனச்சிட்டேன்."

அன்று வீட்டுக்கு வந்து அருளிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார், தன் தலையில்தான்.

ஆகவே இந்த முறை பெரிய நாற்காலிக்கு ஆள் தேடுகிறார்கள் என்றதும், மின்னஞ்சலில் ஒரே ஒரு வரி எழுதிப் போட்டேன்: என்னையும் பரிசீலிக்கவும். அனுப்பிய பிறகு, அந்த வரியைத் திரும்பப் பார்க்கத் துணிவில்லாமல், அருளைக் கூப்பிட்டு மடிக்கணினியை மூடச் சொன்னேன்.

"எடி விழுந்தாலும் கேக்காது"

சரி, கரைக்கு வருவோம். இறால் கூடையோடு திரும்பி வந்த ஸ்டெல்லாவிடம் அருள் விஷயத்தைச் சொன்னார். ஸ்டெல்லா கட்டுமாவடியில் மீன் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புகிறவள். கரையில் அவளுக்குத் தெரியாத ஆளும் இல்லை, அவள் பயப்படுகிற ஆளும் இல்லை. அன்று மத்தியானம் அவள் மகள் ஜெனிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு மீமிசல். அதற்காகத்தான் நாங்கள் சென்னையிலிருந்து வந்திருந்தோம்; அதற்காகத்தான் நண்டும் எறாவும்.

"வீட்டுக்குப் போயிரலாமா?" என்றேன்.

"வீட்டுலயா? அங்க பந்தலும் ரேடியோசெட்டும். இந்நேரம் டெஸ்டிங் டெஸ்டிங்னு கத்திக்கிட்டுக் கெடப்பான். மாதா கோயில்ல பாட்டுக்காரப் புள்ளைங்க பாடிப் பழகுதுங்க." அவள் இடுப்பில் கைவைத்து ஊரைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். "ஐஸ் கம்பெனிக்கு வாங்க."

"அங்க மெஷின் ஓடுமே?"

"மெஷினு வெளிய. ஐஸ் அடுக்குற ரூம்பு உள்ள. செவுரு இந்தாத்தண்டி. எடி விழுந்தாலும் கேக்காது. கதவ ஒட்டித்தான் வைஃபை பெட்டி மாட்டிருக்கு, கதவக் கொஞ்சூண்டு தெறந்து வச்சுக்கிட்டா போதும்."

இதற்குமேல் யோசிக்க நேரம் இல்லை. ஓடினோம். வழியிலேயே ஸ்டெல்லா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். என் காதைப் பார்த்து நின்றுவிட்டாள். மீன் வாங்கத்தானே போகிறோம் என்று நான் எதையும் போடாமல் வந்திருந்தேன்.

"வெறுங்காதோட பெரிய மனுசங்க முன்னாடி ஒக்காருவீங்களா?" என்று தன் காதிலிருந்த ஜிமிக்கியைக் கழற்றி என் காதில் திருகினாள். நான் ஒரு கம்பெனியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசப்போகிறேன், ஜிமிக்கி பெண்பார்க்கும் படலத்துக்குத் தயாராக ஆடிக்கொண்டிருந்தது.

ஐஸ் அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மேலே ஒற்றை மஞ்சள் பல்பு. மூன்று பக்கமும் பாளம் பாளமாக ஐஸ், கண்ணாடி பீரோக்களை அடுக்கியது மாதிரி. என் முன்னால் மீன்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அதன்மேல் போனைச் சாய்த்தார் அருள். ஒரு சாக்கை மடித்து என் காலடியில் போட்டார்.

"ராணி" என்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லி, என் தலையைத் தொட்டுவிட்டு வெளியே போனார். பந்தல்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. ஸ்டெல்லா வாசலிலேயே நிற்பதாகச் சொன்னாள்.

சுவிட்சர்லாந்தா?

திரையில் முகங்கள் வந்தன. ராகவன் சார். சேர்மன். வங்கியில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்ற வசந்தா மேடம். சிங்கப்பூரிலிருந்து ஒருவர். எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். என் வாயிலிருந்து புகை புகையாக வந்தது.

சிங்கப்பூர்க்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "சுவிட்சர்லாந்துல இருக்கீங்களா?"

"இல்ல சார். புதுக்கோட்டை மாவட்டம்."

சேர்மன் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உள்ளே என்னவோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. சென்னையில், அந்த நீண்ட மேசையின் முனையில், கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் உட்கார்ந்திருந்தால் நான் இவ்வளவு லேசாக இருந்திருக்கமாட்டேன். இங்கே என்ன கௌரவத்தைக் காப்பாற்றுவது? காலடியில் சாக்கு, முதுகுக்குப் பின்னால் ஐஸ்.

நன்றாகவே போனது. முதல் வருடம் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். புதிதாக எதையும் கட்டுவதற்கு முன், ஏற்கெனவே விற்ற இடங்களுக்குப் போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன் என்றேன். ஒரு தாலுகா மருத்துவமனையில் நான் உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னேன். எங்கள் திரையில் எழுத்து அத்தனை பொடியாக இருந்ததால், சீட்டுப் போடும் பெண், நோயாளியையே உள்ளே கூப்பிட்டு, "ஒங்க பேரு சரியா இருக்கா, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுவாரமே எழுத்தைப் பெரிதாக்கினோம். சேர்மன் முன்னால் சாய்ந்து கேட்டார். என் பற்கள் மட்டும் மெல்லத் தந்தியடிக்க ஆரம்பித்திருந்தன.

அப்போது வசந்தா மேடம் பேசினார். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை.

"எல்லாம் சரி ராணி. கம்பெனிக்கு நீங்க எதுக்குன்னு சொல்லிட்டீங்க. உங்களுக்கு இந்த வேலை எதுக்கு? ஏன் வேணும்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாரித்து வைத்திருந்தேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்த பதில். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த நிறுவனத்தின் அடுத்த கட்ட வளர்ச்சியில்..." என்று தொடங்கினேன்.

டம்மென்று கதவு சாத்திக்கொண்டது. பல்பு அணைந்தது. திரையில் எல்லோரும் அப்படியே உறைந்து, பிறகு காணாமல் போனார்கள்.

ஐஸ் கேட்ட பதில்

நடந்தது இதுதான். இறால் லாரி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, ஸ்டெல்லா ஒரு எட்டு வெளியே போயிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து அங்கே வேலை செய்கிறவர் ஒருவர் வந்திருக்கிறார். ஐஸ் அறைக் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே விளக்கு வேறு எரிகிறது. யாரோ பொறுப்பில்லாதவர்கள் என்று நினைத்து, கதவை அழுத்திச் சாத்தி, வெளியே இருந்த சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

எனக்கு இது எதுவும் தெரியாது. இருட்டு. போன் வெளிச்சத்தில் என்னைச் சுற்றி ஐஸ் பாளங்கள் நீலமாக மினுங்கின. கதவைத் தட்டினேன். பிறகு குத்தினேன். இடி விழுந்தாலும் கேட்காது என்று ஸ்டெல்லா சொன்னது, உள்ளேயிருந்து வெளியே போகிற சத்தத்துக்கும் பொருந்தும் என்பது அப்போதுதான் உறைத்தது. 'உறைத்தது' என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதவில்லை.

முதலில் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டெல்லா எப்படியும் வந்துவிடுவாள் என்பதும் தெரியும். உண்மையான பயம் வேறு. அந்தப் பக்கம் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் வேணும் என்று கேட்டிருக்கிறார்கள். நான் அடுத்த கட்ட வளர்ச்சி என்று சொல்லிவிட்டு மாயமாகிவிட்டேன்.

குளிர் தாங்காமல் நின்ற இடத்திலேயே குதிக்க ஆரம்பித்தேன். காதில் ஜிமிக்கி குதித்தது. குதித்துக்கொண்டே யோசித்தேன். ஏன் வேணும்? ஆள் அரவமில்லாத அந்த இருட்டில், அடுத்த கட்ட வளர்ச்சியை ஐஸ் பாளங்களிடம் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

"எனக்கு வேணும்" என்று சொல்லிப் பார்த்தேன். முணுமுணுப்பாகத்தான்.

ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை. யாரும் "பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டு ஆசையா" என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு வேணும்" என்றேன், கொஞ்சம் சத்தமாக. நன்றாக இருந்தது. உடம்பில் சூடுகூட ஏறியது. இன்னும் உயரமாகக் குதித்து, தொண்டை கிழிய, "எனக்கு இந்த வேலை வேணும்! எனக்கு வேணும்! எனக்குத்தான் வேணும்!" என்று கத்தினேன். சிரித்தேன். மறுபடி கத்தினேன்.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் ஸ்டெல்லாவும், கதவைச் சாத்தியவரும், இறால் லாரி டிரைவரும் வாயைப் பிளந்து நின்றார்கள்.

"என்ன வேணும் மதினி?" என்றாள் ஸ்டெல்லா பதறிப்போய். "சுக்குக் காப்பியா?"

சொல்லிவிட்டேன்

போன் வைஃபையைப் பிடித்து, கூட்டத்தில் மறுபடி இணைந்தபோது, என்னை வெளியே இழுத்து வந்த ஸ்டெல்லாவின் கையில் அது இருந்தது. அவள் கதவைச் சாத்தியவரை நோக்கி, "உள்ள மனுசி இருக்கான்னு பாக்க மாட்டீங்களா? கண்ணு எங்கிட்டு இருந்துச்சு?" என்று முழங்கிக்கொண்டிருந்தாள். இயக்குநர் குழு அதை முழுவதுமாகக் கேட்டது.

"யாருங்க இவங்க?" என்றார் சேர்மன்.

ஸ்டெல்லா திரையைப் பார்த்தாள். உடனே முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "வணக்கமுங்க. நான் அவுங்க நாத்தனாரு. மதினிய ஐஸுக்குள்ள வச்சுச் சாத்திட்டாங்க, தப்பா எடுத்துக்காதீங்க. ஒதடெல்லாம் நீலமாயிருச்சு. அஞ்சு நிமிசம் வெயில்ல நிப்பாட்டிட்டுத் தாரேன்."

நான் போனை வாங்கினேன். ராகவன் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றார். "ராணி, ஒண்ணும் ஆகலையே? வேணும்னா வேற நாள் வச்சுக்கலாம்" என்றார். சேர்மனும் தலையை ஆட்டினார்.

வேறு நாள். எவ்வளவு நாகரிகமான வார்த்தை. சரிங்க சார் என்று சொல்ல என் வாய் பழக்கதோஷத்தில் திறந்தும்விட்டது.

"வேண்டாம் சார்" என்றேன். "மேடம் கேட்டதுக்குப் பதில் சொல்லிடறேன்."

வெயிலில் நின்றுகொண்டு, தோளில் சாக்கைப் போர்த்திக்கொண்டு சொன்னேன். "மேடம், எனக்கு இந்த வேலை மேல ஆசை. ரொம்ப நாளா ஆசை. இந்தக் கம்பெனி எப்படி ஓடணும்னு எனக்குள்ள ஒரு படம் இருக்கு. அத வேற ஒருத்தர் கிட்ட சொல்லி, அவர் செய்வாரான்னு பாத்துக்கிட்டு இருக்க எனக்கு இஷ்டம் இல்ல. நானே செஞ்சு பாக்கணும். நல்லா செய்வேன். எனக்கு வேணும். அவ்வளவுதான்."

பின்னால் ஐஸ் உடைக்கும் மெஷின் கடகடவென்று ஓடியது.

"தேங்க்ஸ் ராணி" என்றார் வசந்தா மேடம். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "ஒண்ணு மட்டும் கேக்கணும். கன்னத்துல என்ன அது, மின்னுது?"

தொட்டுப் பார்த்தேன். மீன் செதில்.

பந்தியில்

அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பறந்துகொண்டிருந்தேன். கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலைகூட ஒரு ஓரத்தில்தான் இருந்தது. சொல்லிவிட்டேனே! வாயைத் திறந்து, நான்கு பேர் முன்னால் சொல்லிவிட்டேனே! நண்டு கழுவினேன், ஓடு என் விரலைக் கிழித்தது, சிரித்தேன். ஜெனிக்குத் தலையில் பூ வைத்தேன், கோணலாக. அவள், "அத்தை, இன்னிக்கு எனக்கு நிச்சயமா ஒங்களுக்கா?" என்று கேட்டாள்.

செய்தி அதற்குள் ஊரைச் சுற்றி, மீமிசல் வரைக்கும் போய்விட்டிருந்தது. போகிற வழியில் அது வளர்ந்தும் இருந்தது. வேனிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் பெரியப்பா நேராக என்னிடம் வந்து, மிகுந்த அக்கறையோடு, "ஐஸுல ராத்திரி பூராவும் கெடந்தீங்களாமே, இப்ப ஒடம்பு பரவால்லீங்களா?" என்று விசாரித்தார்.

மோதிரம் மாற்றினார்கள். ஜெபம் முடிந்தது. பந்தி போட்டார்கள். நண்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் வாயை வைத்திருப்பேன்; பந்தலின் அந்தக் கோடியில் அருள் தெரிந்தார். வீட்டுக்குள் சார்ஜில் போட்டிருந்த என் போனைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி, இலைகளுக்கு நடுவே, குழம்பு வாளிகளைத் தாண்டி ஓடிவந்தார்.

என் கை முழுக்கக் குழம்பு. அவரே காதில் வைத்தார்.

"ராணி" என்றார் ராகவன் சார். "உட்கார்ந்து இருக்கீங்களா?"

"பந்தியில இருக்கேன் சார்."

"அப்ப கைய கழுவிட்டு..."

"பரவால்ல சார், சொல்லுங்க."

"போர்டு ஒருமனசா முடிவு பண்ணிருச்சு. நீங்கதான்."

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. கத்தினேன் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எழுந்து நின்றது நினைவிருக்கிறது. அருள் என்னை அப்படியே தூக்கியதும், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றியதும், என் குழம்புக் கை அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் பதிந்ததும் நினைவிருக்கிறது. ஸ்டெல்லா கரண்டியோடு ஓடிவந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். எதற்கு என்று தெரியாமலே பந்தி முழுக்கக் கைதட்டியது. ரேடியோசெட்டுக்காரர், ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

கையைக் கழுவிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். பந்தல் சத்தத்தில் அவருக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. கடற்கரைப் பக்கம் ஓடினேன்.

"அப்பா, எனக்குக் கெடச்சிருச்சு. பெரிய போஸ்டு. கம்பெனிக்கே நான்தான்."

"அவங்களாக் குடுத்தாங்களா?"

"இல்லப்பா. எனக்கு வேணும்னு கேட்டேன்."

"கேட்டியா!" என்றார் அப்பா. பதவி கிடைத்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிய செய்தி. திரும்பி அம்மாவிடம் சொல்வது கேட்டது. "ஏய், இங்க வா. கேட்டாளாம்!"

முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குத் திரும்பினேன். என் மாமனார் சவரிமுத்து எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். காலமெல்லாம் படகு வைத்திருந்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் விவரம் முழுவதையும் கேட்டு முடிக்காமல் விடமாட்டார்.

"இப்ப ஒனக்கு மேல யாரு ஆத்தா?" என்றார்.

"போர்டுன்னு இருக்காங்க மாமா. அவங்க எப்பயாவதுதான் கூடுவாங்க."

"தெனமும் ஆபீசுல?"

"தெனமும் யாருமில்ல மாமா. நான்தான்."

அவர் யோசித்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப லீவு வேணும்னா யாருகிட்டக் கேப்ப?"

நான் இதுவரை யோசித்தே பார்க்காத கேள்வி. அன்று இரவு பஸ்ஸில் எங்களுக்குச் சென்னைக்கு டிக்கெட் இருந்தது. காலையில் அலுவலகத்தில் எனக்காக வரிசையாகக் கூட்டங்கள் காத்திருந்தன.

"எனக்கு நானேதான் குடுத்துக்கணும் மாமா" என்றேன்.

"அப்ப நாளைக்கும் இருந்துட்டுப் போ" என்றார். "காலையில கொடுவா மீனு வரும்."

இருந்துவிட்டுத்தான் போனேன்.